பாரிஸில் முடியாட்சி விழுந்த தடத்தை நடந்தே பார்ப்பது எப்படி

பிரெஞ்சுப் புரட்சி நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பாரிஸ் வருகிறவர்களில் பலர் நேரே பாஸ்டில் சதுக்கத்துக்குப் போகிறார்கள். நடுவில் நிற்கும் பச்சைத் தூணின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தூணுக்கும் 1789க்கும் சம்பந்தமே இல்லை. 1830 ஜூலையில் வேறோர் அரசரைத் துரத்தியபோது இறந்தவர்களுக்காக எழுப்பிய தூண் அது. பாஸ்டில் சிறையை இடித்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னொரு சங்கதியும் உண்டு: பாஸ்டில் விழுந்த அன்று அரசர் விழவில்லை. பதினாறாம் லூயி அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அரசராகவே இருந்தார்.

நான் பாரிஸ் புறநகரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வரலாறும் புவியியலும் சொல்லித்தருகிறேன். இங்கே இரண்டும் ஒரே ஆசிரியர் தலையில்தான். புரட்சி, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான பாடம். அவர்களை ஊர் சுற்றிக் காட்டுவதும், விடுமுறைக்கு வந்திறங்கும் சொந்தக்காரர்களைச் சுற்றிக் காட்டுவதும் எனக்கு ஏறக்குறைய ஒரே வேலை. இரண்டு கூட்டமும் கால் வலிக்கிறது என்று சொல்லும், இரண்டுமே "அப்புறம் ராஜாவுக்கு என்ன ஆச்சு?" என்றும் கேட்கும்.

அந்தக் கேள்வியையே வழியாக வைத்துக்கொள்ளுங்கள். லூயி அந்தந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று தேடிக்கொண்டே போனால் போதும். வெர்சாய் அரண்மனை, பாரிஸ் நடுவே துய்லரி அரண்மனை, சட்டமன்றத்துக்குள் ஒரு கம்பியடைப்பு, தாம்ப்ல் கோபுரச் சிறை. ஒவ்வொரு மாற்றத்திலும் அவருடைய இடம் சுருங்கியது. முதல் இரண்டு முறையும் அவரை இடம்பெயர வைத்தது பாரிஸ் தெருக்களிலிருந்து வந்த கூட்டம்தான். இரண்டு நாள் ஒதுக்குங்கள்: ஒன்று வெர்சாய்க்கு, ஒன்று பாரிஸுக்கு.

கிளம்பும் முன்

புத்தகம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நான்கு தேதிகளைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்: 1789 அக்டோபர் 6, 1791 ஜூன் 21, 1792 ஆகஸ்ட் 10, 1793 ஜனவரி 21. ஜூலை 14ஐ வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். பாஸ்டில் விழுந்த அந்த நாள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கூடவே ஒரு விலையும் தெரிந்திருக்க வேண்டும். 1789இன் முற்பாதியில் பாரிஸில் நான்கு பவுண்டு ரொட்டி 14½ சூ (அன்றைய சில்லறைக் காசு) வரை ஏறியது. சாதாரண காலத்தில் அது எட்டு ஒன்பது சூ. கூலித் தொழிலாளி ஒருவரின் நாள் வருமானம் 20 முதல் 30 சூ. வீட்டில் நான்கு வாய் இருந்தால் கூலியில் பாதிக்கு மேல் ரொட்டிக்கே போய்விடும். முந்தைய ஆண்டு ஜூலை 13 அன்று பெரும் ஆலங்கட்டி மழை பயிரை அடித்துப்போட்டிருந்தது. அடுத்து வந்த குளிர்காலமும் கொடியது. அரசாங்கத்தின் கையும் காலி: 1788இல் செலவில் ஏறத்தாழ பாதி, பழைய கடன்களைக் கட்டுவதற்கே போனது. அந்தக் கடனில் பெரும்பகுதி அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதால் வந்தது. அரசியின் நகையும் உடையும் நாட்டை மூழ்கடித்தன என்ற கதையை வகுப்பில் யாராவது ஆண்டுதோறும் எடுப்பார்கள். மொத்த அரண்மனைச் செலவே கணக்கில் சிறு பங்குதான். ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று அரசி மரி அந்துவானெத் சொன்னதற்கும் சான்று கிடையாது. இந்த இரண்டு மூட்டையையும் ஓட்டல் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முதல் நாள்: வெர்சாய்

ஆர்.இ.ஆர். சி புறநகர் ரயிலில் வெர்சாய் ஷத்தோ ரிவ் கோஷ் நிலையத்தில் இறங்குங்கள். வெர்சாய் என்ற பெயரில் வேறு நிலையங்களும் உண்டு. அங்கே இறங்கினால் கூடுதலாக நடக்க நேரும். இறங்கியதும் எல்லோரும் போகும் பக்கமாகவே போவீர்கள், தங்க வாயில் கண்ணில் படும், வரிசையில் நின்றுவிடத் தோன்றும். அரண்மனைக்கு முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதைச் சுற்றியே மற்றதை அமைத்துக்கொள்ளலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

அரண்மனை தவிர இந்த ஊரில் தவறவிடக் கூடாத இடம், செயின்ட் லூயி பகுதியில் ஒரு குறுகிய தெருவில் இருக்கும் ழு த போம். உள்ளே மைதானம் வைத்த பந்தாட்டக் கூடம். டென்னிசுக்கு மூத்த விளையாட்டை அங்கே ஆடினார்கள். கட்டணம் இல்லை, பெரும்பாலும் பிற்பகலில்தான் திறக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் உயரமான, வெறுமையான ஒரே மண்டபம்.

1789 மே 5 அன்று மூன்று குடிகளின் பேரவை, அவென்யூ த பரியில் இருந்த வேறு கூடத்தில் கூடியது. பாதிரிகளுக்கு ஏறத்தாழ 300 பேர், பிரபுக்களுக்கு 300, மற்ற எல்லோருக்கும் சேர்த்து 600. ஆளுக்கு ஒரு வாக்கா, குடிக்கு ஒரு வாக்கா என்பதிலேயே வாரங்கள் போயின. குடிக்கு ஒன்று என்றால் 600 பேர் எப்போதும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்பார்கள். ஜூன் 17 அன்று அவர்கள் தங்களையே தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டார்கள். ஜூன் 20 காலையில் வந்து பார்த்தால் கூடம் பூட்டியிருந்தது, வாசலில் காவலர்கள். பக்கத்தில் பந்தாட்டக் கூடம் ஒன்று இருக்கிறதே என்று சொன்னவர் மருத்துவர் கியோத்தன். பின்னால் கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவிக்கு ஒட்டிக்கொண்ட அதே பெயர்தான். அரசியல் சட்டம் எழுதாமல் கலைய மாட்டோம் என்று அங்கே உறுதி எடுத்தார்கள். ஒரே ஒருவர், மார்தன் தோஷ் என்பவர், அரசர் ஒப்பாததற்கு உறுதி எடுக்க முடியாது என்று மறுத்து, தன் பெயருக்குப் பக்கத்தில் எதிர்ப்பவன் என்று எழுதினார். சுவரில் உள்ள பெரிய ஓவியத்தில் வலது ஓரமாகப் பாருங்கள். எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு நிற்க, ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளிடம் அவரைக் கண்டுபிடிக்கச் சொன்னால் மண்டபமே அமைதியாகிவிடும். அன்று அவரை யாரும் அடிக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். மூன்று ஆண்டு கழித்து அப்படி ஒருவர் தப்பியிருக்க முடியாது.

பிறகு அரண்மனை. கண்ணாடி மண்டபத்தில் மற்றவர்கள் நேரம் செலவிடட்டும்; நீங்கள் அரசியின் படுக்கையறைக்குப் போங்கள். கட்டிலுக்கு இடப்பக்கம், சுவர்த் துணியின் பூவேலைக்குள் ஒளிந்தாற்போல ஒரு கதவு இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கதவுக்காகத்தான் இந்த அறைக்கு வந்திருக்கிறோம்.

அக்டோபர் 5 அன்று காலையில் பாரிஸ் சந்தைப் பெண்கள் நகரமன்றத்தின் முன் கூடினார்கள். ரொட்டி இல்லை. பீரங்கிகளையும் இழுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கில், மழையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நடந்தார்கள். நீங்கள் ரயிலில் கடந்துவந்த விரோஃப்ளே பக்கம்தான் அவர்கள் வந்த வழி. லூயி அன்று மெதோன் காட்டில் வேட்டையில் இருந்தார், ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். பெண்களுக்குப் பின்னால் லஃபாயெத் தலைமையில் தேசியக் காவல் படையும் வந்தது. படைத்தலைவர் படையை நடத்தி வந்தாரா, படை அவரைத் தள்ளிக்கொண்டு வந்ததா என்பது பேசித் தீராத விஷயம். மறுநாள் விடியலில் கூட்டத்தில் ஒரு பகுதி அரண்மனைக்குள் புகுந்தது. மெய்க்காவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அரசி அந்தக் கதவின் வழியாகத்தான் அரசரின் அறைகளுக்கு ஓடினார்.

பிறகு வெளியே வந்து பளிங்கு முற்றத்தில் நின்று முதல் மாடி முகப்பைப் பாருங்கள். அந்த உப்பரிகையில்தான் அரசரும் அரசியும் கூட்டத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. "பாரிசுக்கு!" என்று கீழே கத்தினார்கள். அன்று பிற்பகலே குடும்பம் கிளம்பியது. ரொட்டிக்காரரையும் ரொட்டிக்காரியையும் ரொட்டிக்காரப் பையனையும் கூட்டி வருகிறோம் என்று பெண்கள் வழியெல்லாம் கூவிக்கொண்டு வந்தார்கள். லூயி வெர்சாய்க்குத் திரும்பவே இல்லை. என்னைக் கேட்டால், பாஸ்டிலைவிட இந்த நாள்தான் பெரியது. அன்றிலிருந்து அரசர் தன் தலைநகரின் கைக்கெட்டும் தூரத்தில் வாழ்ந்தார்.

தோட்டம் அழகானது. அதற்கு இன்னொரு நாள் வாருங்கள்.

இரண்டாம் நாள் காலை: பாஸ்டில், சீக்கிரமாக

மெட்ரோ 5ஆம் வழித்தடத்தின் பாஸ்டில் நிலையத்தில், பொபினி திசை நடைமேடையில் பழைய கோட்டையின் கல்சுவர்த் துண்டு ஒன்று தெரியும். மேலே ஏறினால், ரூ செயின்ட் அந்துவானும் பூல்வார் ஆன்ரி காத்ரும் சேரும் இடத்தில் கோட்டையின் எல்லை தரைக்கல்லில் கோடாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. கார் வரும், பார்த்து நில்லுங்கள். பூல்வாரில் ஆற்றுப் பக்கமாகச் சற்று நடந்தால் ஆன்ரி கல்லி பூங்காவில் ஒரு கோபுரத்தின் அடிக்கற்கள் உண்டு. 1899இல் மெட்ரோ தோண்டும்போது கிடைத்தவை.

ஜூலை 14 காலையில் மக்கள் அன்வலித் என்ற படைவீரர் இல்லத்திலிருந்து பல்லாயிரம் துப்பாக்கிகளை எடுத்துவிட்டார்கள். வெடிமருந்து பாஸ்டிலில் இருந்தது. கைதிகளை விடுவிக்கவே போனார்கள் என்பது பிறகு சேர்ந்த மெருகு. உள்ளே இருந்த கைதிகள் ஏழு பேர். அதில் நால்வர் கள்ளப் பத்திரக்காரர்கள். லூயி தன் நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கு நேரே ஒன்றுமில்லை என்று எழுதினார். இதைச் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். அது வேட்டைக் கணக்குப் புத்தகம். அன்று எதுவும் அகப்படவில்லை, அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து அவரே பாரிஸ் நகரமன்றத்துக்கு வந்து மூவண்ணச் சின்னத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூலை 14இல், இன்று ஐபெல் கோபுரம் நிற்கும் ஷான் த மார்சில் லட்சக்கணக்கானோர் முன்னிலையில் அரசியல் சட்டத்துக்கு விசுவாசம் தெரிவித்தார். கூட்டம் அவரை வாழ்த்தியது. முடியாட்சி அப்போது சாகவில்லை. சாக வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை.

பாஸ்டிலிலிருந்து மெட்ரோ 1இல் ஒரே நிறுத்தம் செயின்ட் பால். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கார்னவலே அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. புரட்சிப் பகுதிக்கு மட்டும் போங்கள். பாஸ்டிலை இடித்த ஒப்பந்தக்காரர் பலுவா, அந்தக் கல்லிலேயே சிறுசிறு பாஸ்டில்களைச் செதுக்கி நாடு முழுக்க அனுப்பினார். மாதிரி ஒன்று இங்கே இருக்கிறது. புரட்சியில் முதலில் கடை விரித்தவர் அவர்தான் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். தாம்ப்ல் சிறையில் அரச குடும்பம் பயன்படுத்திய தட்டுமுட்டுச் சாமான்களும் இங்கேதான். அந்த நாற்காலிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பகலில் தேவைப்படும்.

இல்லாத அரண்மனையைப் பார்ப்பது

மீண்டும் மெட்ரோ 1. பலே ருவயாலில் இறங்கி, லூவர் கண்ணாடிப் பிரமிடுக்கு முதுகைக் காட்டி, கரூசெல் வளைவின் அருகே நில்லுங்கள். இடப்பக்கம் சென் ஆற்றோரமாக லூவரின் கை முடியும் இடம் ஃப்ளோர் மாடம். வலப்பக்கம் ரூ த ரிவோலி ஓரமாக முடிவது மர்சான் மாடம். இரண்டையும் கண்ணால் ஒரு கோடிட்டு இணையுங்கள். அந்தக் கோட்டில்தான் துய்லரி அரண்மனை நின்றது. 1871இல் பாரிஸ் கம்யூன் என்ற கிளர்ச்சி அரசு எரித்தது, 1883இல் இடிபாட்டையும் அகற்றினார்கள். என் அத்தையை இங்கே நிறுத்தி இவ்வளவையும் சொன்னபோது, "வெறும் காத்தைக் காட்டவாம்மா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த?" என்றார். நியாயம்தான். ஆனாலும் பிரெஞ்சு முடியாட்சி உண்மையில் விழுந்த இடம் இந்தக் காற்றுதான். இங்கே அரை மணி நேரமாவது நில்லுங்கள்.

முதலில் 1791 ஜூன் 20 இரவு. லூயி இங்கிருந்து தப்பினார். அரசர், அரசி, இரண்டு பிள்ளைகள், அரசரின் தங்கை எலிசபெத், பிள்ளைகளின் பராமரிப்பாளர் மதாம் த தூர்செல், எல்லோரும் ஒரே பெரிய வண்டியில். தூர்செல்தான் பாரோனஸ் கோர்ஃப் என்ற ரஷ்யச் சீமாட்டி என்று பத்திரம். லூயி அவருடைய வேலையாள். இரண்டு வேகமான சின்ன வண்டிகளில் பிரிந்து போயிருக்கலாமே என்று வகுப்பில் எப்போதும் ஒரு கை உயரும். போயிருக்கலாம், குடும்பம் பிரிய மறுத்தது. செயின்ட் மெனூவில் அஞ்சல் குதிரை நிலையக்காரர் த்ருவே அடையாளம் கண்டுகொண்டார். பாரிசிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டரில், வரேன் என்ற சிற்றூரில் வண்டியை மறித்தார்கள். 25ஆம் தேதி திரும்பி வந்தபோது, அரசரை வாழ்த்துபவருக்கு அடி, ஏசுபவருக்குத் தூக்கு என்று நகரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தொப்பியைக்கூட யாரும் கழற்றவில்லை. வரேனைப் பார்க்க கார் வேண்டும், ஒரு முழு நாள் போகும்; வரலாற்றுப் பைத்தியம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பயணத்தை விட்டுவிட்டு ஆகஸ்ட் 10ஐப் புரிந்துகொள்ள முடியாது. கிளம்பும்போது, புரட்சியைத் தான் உள்ளபடி ஏற்கவில்லை என்று கையெழுத்திட்ட அறிக்கை ஒன்றை மேசையில் விட்டுப் போயிருந்தார். கட்டாயத்தில் பேசினேன் என்று அரசரே எழுதிவைத்த பின் அவர் அடுத்துச் சொல்லும் எதை நம்புவது?

1792 ஏப்ரல் 20 அன்று ஆஸ்திரியாமேல் போர். அரசி ஆஸ்திரிய இளவரசி. பிரெஞ்சுப் படை தோற்றது. அரசர் சட்டங்களுக்குத் தடை ஆணை போட்டார். ஜூன் 20 அன்று கூட்டம் அரண்மனைக்குள் புகுந்து அவர் தலையில் சிவப்புக் குல்லாயை வைத்தது. அவரும் தேசத்தின் நலம் வாழ்த்தி ஒரு குவளை குடித்தார். ஜூலைக் கடைசியில், அரச குடும்பத்தின்மேல் கை வைத்தால் பாரிஸைத் தரைமட்டமாக்குவோம் என்று எதிரிப்படைத் தளபதி பிரன்ஸ்விக் கோமகன் பெயரில் அறிக்கை வந்தது. அரசரைக் காப்பாற்ற எழுதியது, அவரை எதிரியின் ஆள் என்று காட்டிக்கொடுத்தது. அதே நாட்களில் மார்செயிலிருந்து தொண்டர் படை பாட்டுப் பாடிக்கொண்டு வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டுதான் இன்றைய பிரெஞ்சு நாட்டுப்பண்.

ஆகஸ்ட் 9 நள்ளிரவில் மணிகள் அடிக்கத் தொடங்கின. பாரிஸ் வட்டங்களின் பிரதிநிதிகள் நகரமன்றத்தைக் கைப்பற்றினார்கள். அரண்மனைப் பாதுகாப்பை நடத்திக்கொண்டிருந்த தளபதி மந்தாவை அங்கே வரவழைத்துக் கொன்றார்கள். விடியலில் லூயி முற்றத்தில் இறங்கிக் காவலர்களைப் பார்வையிட்டார். தேசியக் காவலர்கள் அவர் முகத்துக்கு நேரேயே எதிர் கோஷம் போட்டார்கள். மிச்சம், அரசரின் காவலுக்கிருந்த சுமார் 900 சுவிஸ் வீரர்களும் சில பிரபுக்களும்.

இப்போது நடக்கத் தொடங்குங்கள். தோட்டத்துக்குள் நடுப்பாதையில் போய், வலப்பக்கம் ரிவோலிப் பக்கமாகத் திரும்புங்கள். காலை எட்டரை வாக்கில், மாவட்ட அதிகாரி ரொதெரர் வற்புறுத்தியதால், அரச குடும்பம் இந்த வழியாகச் சட்டமன்றத்துக்கு நடந்தது. ஆகஸ்டிலேயே சருகு குவிந்து கிடந்தது. சின்ன இளவரசன் அதைக் காலால் உதைத்துக்கொண்டு வந்தான். இந்த வருஷம் இலை சீக்கிரமே உதிர்கிறது என்றார் லூயி. ஆகஸ்ட் மாதம் வந்தால் இங்குள்ள கஷ்கொட்டை மரங்களை நீங்களே பாருங்கள், இன்றும் பழுத்து உதிர்வது உண்டு.

தோட்டத்தின் ரிவோலிப் பக்கக் கம்பிவேலியில், ரூ த காஸ்திலியோன் சந்திக்கு அருகே, தூண் ஒன்றில் கல்வெட்டு இருக்கும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மனேஜ் என்ற குதிரையேற்றப் பயிற்சிக் கூடம் இங்கே இருந்தது. சட்டமன்றம் அதில்தான் கூடியது. அரசர் முன்னிலையில் சபை விவாதிக்கக் கூடாது என்று சட்டம். அதனால் குடும்பத்தை, அவைத் தலைவர் இருக்கைக்குப் பின்னால் பேச்சைக் குறிப்பெடுப்பவர்கள் உட்காரும் கம்பியடைப்புக்குள் உட்கார வைத்தார்கள். தன்னைப் பதவியிலிருந்து நிறுத்திவைக்கும் தீர்மானத்தை லூயி அந்தச் சிற்றறைக்குள்ளிருந்தே கேட்டார். நாள் முழுக்க, ஆகஸ்ட் வெக்கையில். இந்த ஒரு காட்சியை என் மாணவர்கள் மறப்பதே இல்லை.

அவர் போன பிறகுதான் அரண்மனையில் சண்டை மூண்டது. ஆள் இல்லாத அரண்மனைக்காகச் சுவிஸ் வீரர்கள் சுட்டார்கள். சுடுவதை நிறுத்தச் சொல்லி அரசர் எழுதிக் கொடுத்த ஆணை பிறகே வந்தது. ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களையும் கொன்றார்கள். சுமார் 600 சுவிஸ் வீரர்கள் மாண்டார்கள். தாக்கியவர்களில் இறந்தும் காயமுற்றும் விழுந்தவர்கள் நானூறுக்கு நெருக்கம். கரூசெல் சதுக்கத்தில் மேசை நாற்காலிக் கடை ஒன்றிலிருந்து 22 வயதுப் பீரங்கிப் படை அதிகாரி ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெப்போலியன் போனபார்த். சில ஆண்டுகளில் அதே அரண்மனையில் குடியேறினார்.

செப்டம்பர் 21 அன்று முடியாட்சியை ஒழித்ததும் இதே கூடத்தில்தான். லூயியின் விசாரணையும் இங்கேதான் நடந்தது. துய்லரிச் சுவருக்குள் மறைத்துவைத்த இரும்புப் பெட்டியில் அவருடைய இரகசியக் கடிதங்கள் அகப்பட்ட பிறகு அவருக்காகப் பேசுவது கடினமாகிவிட்டது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மேடையேறி வாய்விட்டு வாக்களித்தார்கள். ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. மரண தண்டனைக்கு 387, எதிராக 334. அந்த 387இல் லூயியின் ஒன்றுவிட்ட சொந்தம் ஓர்லெயான் கோமகனும் ஒருவர்.

தாம்ப்லிலிருந்து கொன்கோர்ட் வரை

ஒப்பேரா நிலையம் வரை நடந்து மெட்ரோ 3இல் தாம்ப்ல் நிலையத்துக்குப் போங்கள். கோபுரம் இல்லை, நெப்போலியன் காலத்தில் 1808இல் இடித்துவிட்டார்கள், அரசருக்கு விசுவாசமானவர்கள் யாத்திரை வந்துகொண்டிருந்ததால். முன்பு மூன்றாம் வட்ட நிர்வாக மன்றமாக இருந்த கட்டடத்தின் முன் தரையில் கோபுரத்தின் அளவைக் கோடாகக் காட்டியிருக்கிறார்கள். அதற்குள் நின்று பாருங்கள். காலையில் பார்த்த நாற்காலிகளை இதற்குள் போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் 13 முதல் லூயி இதில் இருந்தார். மகனுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்து வரைபடம் வரைய வைத்தார் என்று உடனிருந்த பணியாள் கிளெரி பின்னர் எழுதினார். புவியியல் ஆசிரியையாக இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. அரச பதவிக்குத் தவறிப் பிறந்தவர், நல்ல பள்ளி ஆசிரியராக இருந்திருப்பார். 1793 ஜனவரி 20 மாலை குடும்பத்தாரைக் கடைசியாகப் பார்த்தார். காலையில் மறுபடியும் வருகிறேன் என்று சொன்னார், போகவில்லை.

இங்கிருந்து கட்டாயம் நடந்தே போங்கள். லூயியைக் கொண்டுபோன வண்டியின் வழி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது: செயின்ட் மார்தன், செயின்ட் தெனி, பொன் நுவேல் என்று பெரிய பூல்வார்கள் வளைந்து மத்லேன் வரை. ஏறத்தாழ நாலு கிலோமீட்டர். செயின்ட் மார்தன், செயின்ட் தெனி வளைவுகள் இரண்டும் அன்றும் நின்றன. மூதாதை பதினான்காம் லூயியின் வெற்றிகளுக்காக 1670களில் கட்டியவை. ஓரமெல்லாம் ஆயுதம் தாங்கிய காவலர்கள், பனிமூட்டம், பேச்சில்லை. வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. இடையில் காப்பி குடிக்காவிட்டால் நீங்களும் அதே நேரத்தில் போய்விடுவீர்கள்.

கொன்கோர்ட் சதுக்கத்தில் எகிப்தியத் தூபியைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அது 1836இல் வந்தது. நடுவில் அன்று இருந்தது, லூயியின் தாத்தா பதினைந்தாம் லூயியின் சிலையைப் பிடுங்கிய வெற்றுப் பீடம். அதற்கும் ஷான்செலிசே தொடக்கத்துக்கும் இடையில் மேடை போட்டிருந்தார்கள். ஜனவரி 21, காலை 10:22. நிரபராதியாகச் சாகிறேன் என்று பேசத் தொடங்கினார். முரசை ஒலிக்கச் செய்தார்கள். தூபியருகே தரையில் பொறித்த தகடு இருக்கிறது. போக்குவரத்துச் சுழலுக்கு நடுவே என்பதால் நடைக்கோட்டில் மட்டும் கடந்து போங்கள். பக்கத்துப் பாலத்தில் பாஸ்டிலின் கற்களும் சேர்ந்திருக்கின்றன. கீழே மெட்ரோ 12 நடைமேடையில் இறங்கினால் மனித உரிமைப் பிரகடனத்தை எழுத்து எழுத்தாக ஓடுகளில் பதித்திருக்கிறார்கள். சொற்களுக்கு இடைவெளி விடவில்லை, பிரெஞ்சு தெரிந்தவர்களே திணறுவார்கள்.

கால் இன்னும் ஒத்துழைத்தால், செயின்ட் ஓகுஸ்தன் மெட்ரோ அருகே லூயியையும் அரசியையும் முதலில் புதைத்த இடத்தில் கட்டிய பிராயச்சித்த ஆலயம் இருக்கிறது. வாரத்தில் சில நாட்களே திறக்கிறார்கள், முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 1815 ஜனவரியில் எலும்புகளைத் தோண்டியெடுத்து மெட்ரோ 13இன் கடைசிப் பக்கமுள்ள செயின்ட் தெனி பேராலயத்துக்கு மாற்றினார்கள். அரசியின் கடைசி வாரங்களுக்குத் தனியாகக் கொன்சியெர்ஜரி சிறைக்குப் போக வேண்டும். அதை இதே நாளில் திணிக்காதீர்கள், சேன்த் ஷபெல் தேவாலயத்துடன் சேர்த்து இன்னொரு காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கிழமையில் தொடங்கினாலும் இரண்டு நாளில் ஒன்று திங்கள் ஆகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெர்சாய் அரண்மனை, ழு த போம், கார்னவலே மூன்றுமே திங்களன்று மூடியிருக்கும்.